வீட்டில் கார் மின்னேற்றி: நாம் செய்யத்தக்கதும் தகாததும்

பெட்ரோலின்றி மின்சாரத்தால் ஓடும் கார்கள் நம் நாட்டுச் சாலைகளில் பெருகி வருகின்றன. புரோட்டோன் நிறுவனமும் தனது முதல் மின்சாரக் காரை 2024 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது. பட்டணத்தில் பணிபுரியும் பிள்ளைகள் இத்தகைய காரில் தோட்டத்து வீட்டுக்கு வருவது இனிப் புதுமையன்று. அதற்கான மின்னேற்றியைக் கடையில் வாங்கி, கூலியை மிச்சப்படுத்தி, நாமே பொருத்திக்கொள்ளலாமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. மின்னோட்டமும் வெப்பமும்

நம் வீடுகளுக்கு வரும் சிங்கிள் பேஸ் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டி ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டத்தைச் சில நிமிடங்களே இழுக்கிறது. சுவரில் பொருத்தும் மின்னேற்றியோ 32 ஆம்பியரை, அதாவது 7,360 வாட்டை, மணிக்கணக்காக இழுக்கிறது. 40 யூனிட் கொள்ளும் மின்கலம் வெறுமையாக இருந்தால், அது நிரம்ப ஏறத்தாழ ஆறு மணி நேரமாகும்.

மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். ஆதலால், கெண்டிக்குத் தெரியாத குறை மின்னேற்றியில் வெளிப்படும். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும், கம்பி மெலிந்திருந்தாலும், அவ்விடம் சூடேறி மேலுறை உருகும். பெரும்பாலும் இரவில், வீட்டார் உறங்கும் வேளையில் மின்னேற்றப்படுவதால் இவ்வாபத்து இன்னும் பெரிது.

2. ஒரு கணக்கு

குளியலறைச் சுடுநீர்க் கருவி 3,600 வாட், கெண்டி 2,200 வாட், குளிர்சாதனம் 800 வாட் எனக் கொள்வோம். மொத்தம் 6,600 வாட். இதை 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 29 ஆம்பியர். மின்னேற்றியின் 32 ஆம்பியரையும் கூட்டினால் 61 ஆம்பியர். 40 ஆம்பியர் அளவே உள்ள பழைய இணைப்பு இச்சுமையைத் தாங்காது.

3. வீட்டார் செய்யத்தக்கவை

வீட்டிலுள்ள மின்கருவிகளின் வாட் அளவைப் பட்டியலிடலாம். மழைச்சாரல் படாத, வெள்ளம் எட்டாத, சமையல் வாயுக் கலனுக்கு அப்பாற்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கார்க் கம்பி நடைபாதையின் குறுக்கே கிடவாதபடி பார்த்துக்கொள்ளலாம். வீடு தோட்டத்துக்குச் சொந்தமானதாயின், நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்.

மின்கசிவுத் தடுப்பானில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் உண்டு. அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். மின்சாரம் உடனே துண்டிக்கப்படாவிடில் வயர்மேனை அழைக்க வேண்டும்.

4. வயர்மேனிடம் விட வேண்டியவை

மின்பெட்டியைத் திறப்பதும், கம்பி இழுப்பதும், இணைப்புக் கொடுப்பதும் நம் வேலையல்ல. 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, இப்பணிகளை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரும் வயர்மேனுமே செய்ய வேண்டும்.

மின்னேற்றிக்கெனத் தனிக் கம்பியும் தனித் தடுப்பானும் தேவை. கார் மின்கலம் நேர் மின்னோட்டத்தில் இயங்குவது. அது கசிந்தால் சாதாரண மின்கசிவுத் தடுப்பான் செயலற்றுப்போகக்கூடும். அதையும் உணரவல்ல தடுப்பான் வேண்டும். நில இணைப்பையும் அளவுக்கருவியால் சோதிக்க வேண்டும். வேலை முடிந்தபின், நிறைவுச் சான்றிதழையும் சோதனைச் சான்றிதழையும் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துக.

5. செய்யவே கூடாதவை

தடுப்பான் அடிக்கடி விழுகிறதென்று அதைவிடப் பெரிய தடுப்பானை மாட்டக்கூடாது. தடுப்பான் காப்பது கம்பியை. பெரியதை மாட்டினால் தடுப்பான் விழுமுன் கம்பி எரியும். நீட்டிப்புக் கம்பி மூலம் காருக்கு மின்னேற்றுவதும் கூடாது.

கூலியில் மிச்சப்படுத்தும் சில நூறு வெள்ளி, வீட்டுக்கும் உயிருக்கும் ஈடாகாது. இடத்தையும் கணக்கையும் நாம் ஆயத்தம் செய்வோம். கம்பியைக் கற்றவர் கையில் விடுவோம்.

பயிற்சி வினாக்கள்

அ. உங்கள் வீட்டு மின்கருவிகளின் மொத்த ஆம்பியர் எவ்வளவு?
ஆ. பெரிய தடுப்பானை மாட்டுவது ஏன் ஆபத்தானது?
இ. வேலை முடிந்தபின் பெற வேண்டிய சான்றிதழ்கள் யாவை?