வேலைக்குத் திரும்பிய பிறகும் தாய்ப்பால்: சேமித்த பாலைச் சரியாகப் புகட்டுவது எப்படி?

மகப்பேறு விடுப்பு முடியும் நாள் நெருங்கும்போது, "நான் வேலைக்குப் போய்விட்டால் குழந்தைக்குப் பால் போதுமா?" என்ற கவலை பல தாய்மார்களுக்கு வருகிறது. சிங்கப்பூரில் தகுதிபெறும் தாய்மார்களுக்கு அரசாங்கம் சம்பளம் வழங்கும் மகப்பேறு விடுப்பு 16 வாரம். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆக, நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது உங்கள் குழந்தை பாலை மட்டுமே நம்பியிருக்கும் வயதில் இருக்கலாம்.

சேமித்த பால் சீக்கிரம் தீர்ந்துபோனால், தமக்குப் பால் குறைந்துவிட்டதாக நினைத்துச் சிலர் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் புட்டியில் வேகமாகவும் அதிகமாகவும் புகட்டுவதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். எனவே, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, கணவர் அல்லது பணிப்பெண்ணுடன் சேர்ந்து இதைப் படியுங்கள்.

எவ்வளவு பால் எடுத்து வைக்க வேண்டும்?

1 மாதம் முதல் 6 மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் தேவைப்படும். சில குழந்தைகள் இதைவிடக் குறைவாகவும் சில குழந்தைகள் அதிகமாகவும் குடிக்கும். நீங்கள் வீட்டில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்திற்கும் சுமார் 30 மில்லிலிட்டர் என்று கணக்கிடலாம்.

காலை 8 மணிக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பி மாலை 6 மணிக்குத் திரும்புகிறீர்கள் என்றால், 10 மணி நேரத்திற்குச் சுமார் 300 மில்லிலிட்டர் வேண்டும். 90 மில்லிலிட்டர் அளவில் மூன்றும், குழந்தை மேலும் கேட்டால் கொடுக்க 30 மில்லிலிட்டர் அளவில் ஒன்றும் தயாராக வைக்கலாம்.

பால்மாவு டின்னில் உள்ள அளவோடு இதை ஒப்பிட வேண்டாம். பால்மாவு குடிக்கும் குழந்தைக்கு மாதம் ஏற ஏற அளவு கூடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை 6 மாதம் வரை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குடிக்கும்.

வேலைக்குச் செல்லும் முன்

• இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பால் எடுத்துப் பழகுங்கள். ஓரிரு நாள்களுக்குத் தேவையான பால் கையிருப்பில் இருந்தால் போதும்.
• புட்டியில் பால் கொடுத்துப் பழக்குங்கள். தாயின் மணம் தெரிந்தால் சில குழந்தைகள் புட்டியை ஏற்காது. அப்போது வேறொருவர் கொடுக்கட்டும்.
• புட்டியே வேண்டாம் என்று அடம்பிடித்தால், சுத்தமான சிறு கிண்ணத்திலோ பாலாடையிலோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.
• பால் எடுக்க இடமும் நேரமும் தேவை என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வேலையிடத்தில்

சுமார் 3 மணி நேரத்திற்கு ஒருமுறை பால் எடுங்கள். நீண்ட நேரம் எடுக்காவிட்டால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். சுரப்பும் குறையும். எடுத்தவுடன் தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் இருக்கும் நேரத்திலும் விடுமுறை நாள்களிலும் குழந்தைக்கு நேரடியாகப் பால் கொடுங்கள். அது சுரப்பைக் காக்கும்.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

• 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத அறையில்: 4 மணி நேரம் வரை
• ஐஸ் பேக் வைத்த குளிர்பையில்: 24 மணி நேரம் வரை
• குளிர்பதனப் பெட்டியில், 4 டிகிரி செல்சியஸில்: 48 மணி நேரம் வரை
• தனிக் கதவுள்ள ஃப்ரீசரில்: 3 மாதம் வரை

நம் வீடுகளில் ஏர்கான் இல்லாத அறையின் வெப்பம் 30 டிகிரியை எட்டிவிடும். ஆகவே 4 மணி நேரக் கணக்கை நம்பிப் பாலை மேசைமேல் வைக்க வேண்டாம். எடுத்தவுடன் குளிர்பதனப் பெட்டியின் உட்பகுதியில் வையுங்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வெப்பம் மாறுவதால் கதவுத் தட்டில் வைக்கக்கூடாது. உறையும்போது பால் விரிவடையும். அதனால் பையை முழுவதும் நிரப்பாதீர்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் கவனிக்க வேண்டியவை

பாலைத் தயாரிக்கும்போது:

• கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புட்டியைக் கழுவிக் கிருமி நீக்கம் செய்யுங்கள்.
• முதலில் எடுத்த பாலை முதலில் கொடுங்கள்.
• உறைந்த பாலை முந்தின இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்ப்பகுதிக்கு மாற்றுங்கள். முழுவதும் உருகிய பாலை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். மீண்டும் உறைய வைக்காதீர்கள்.
• வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்தில் புட்டியை வைத்துச் சூடேற்றுங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்கக்கூடாது. மைக்ரோவேவில் பால் சீராகச் சூடேறாததால் குழந்தையின் வாய் வெந்துபோகலாம்.
• மேலே ஏடுபோல் கொழுப்பு படிந்திருந்தால் பால் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. புட்டியை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.
• மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்கள்.

புகட்டும்போது:

• குழந்தை கையைச் சூப்பும்போது, வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும்போது கொடுங்கள். அழும்வரை காத்திருக்க வேண்டாம்.
• குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். புட்டியை ஏறக்குறையக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் பால் தானாகக் கொட்டும். வயிறு நிறைந்ததைக் குழந்தை உணர்வதற்குள் அதிகம் குடித்துவிடும்.
• இடையிடையே நிறுத்துங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகட்டும்.
• உதட்டை மூடினாலோ முகத்தைத் திருப்பினாலோ போதும் என்று பொருள். மிச்சத்தைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.
• குடிக்கத் தொடங்கி 1 மணி நேரத்திற்குமேல் மிஞ்சியிருக்கும் பாலைக் கொட்டிவிடுங்கள்.
• 6 மாதத்திற்கு முன் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டாம். ஒரு வயதாகும்வரை தேன் தொட்டு வைப்பதும் கூடாது.
• ஒவ்வோர் அழுகையும் பசியால் வருவதில்லை. ஈர டயப்பர், தூக்கம், புழுக்கம் ஆகியவற்றையும் பாருங்கள்.

பால் போதுகிறதா?

புட்டியில் எவ்வளவு மிஞ்சியது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட டயப்பர்கள் நன்றாக நனைந்து, குழந்தை சுறுசுறுப்பாக இருந்து, எடையும் சீராகக் கூடிவந்தால் பால் போதுகிறது.

டயப்பர் நனைவது குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து காணப்பட்டாலோ உடனே மருத்துவரை நாடுங்கள். உங்கள் மார்பு சிவந்து வலித்து, காய்ச்சலும் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பால் எடுப்பதிலோ புகட்டுவதிலோ சிரமம் இருந்தால், பலதுறை மருந்தகத் தாதியிடமோ மருத்துவமனையின் பாலூட்டல் ஆலோசகரிடமோ கேளுங்கள். பாலை நிறுத்த முடிவெடுப்பதற்கு முன்பே கேட்பது நல்லது.

இந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தால், பாலை எடுப்பவர் கண்ணில் எப்போதும் படும்.