இடமும் விசையும்: வாடகை ஆலைகளின் வரலாறு

கைத்தொழிற் புரட்சியைப் பற்றிக் கற்கும் மாணவர் மனத்தில் ஒரு சித்திரம் எளிதிற் பதிந்துவிடுகின்றது. வானளாவிய புகைபோக்கி, அதன் அடியிலே பேராலை, அதற்கு ஒரே முதலாளி, அவன் கீழே எண்ணற்ற கூலியாட்கள் என்பதே அச்சித்திரம். இது பொய்யன்று, எனினும் முழுமையானதும் அன்று. இங்கிலாந்தின் வடபகுதியிலே ஒரே கூரையின்கீழ், ஒரே நீராவிப் பொறியின் வலியால், பல சிறு முதலாளிகளின் தறிகள் இயங்கிய ஆலைகளும் பல இருந்தன. இம்முறையை அந்நாட்டார் 'இடமும் விசையும்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர்.

ஆலை கட்டவும், கொதிகலனும் பொறியும் அமைக்கவும் பெருமுதல் வேண்டும். தறிகள் சிலவற்றை வாங்குவதற்கோ அத்துணை முதல் வேண்டியதில்லை. ஆகவே, கட்டடமும் பொறியும் ஒருவருக்கு உரியனவாக, தறியும் நூலும் வாணிகமும் வேறு பலருக்கு உரியனவாயின. தறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு வாடகை கணிக்கப்படுவது பெருவழக்கு. பொறியிலிருந்து புறப்பட்ட நீண்ட சுழல்தண்டுகள் கூடமெங்கும் ஓடின. அவற்றிலிருந்து இறங்கிய தோற்பட்டிகள் ஒவ்வொரு தறியையும் இயக்கின. வெயில் நேரே படாமல் ஒளி சீராக விழும்பொருட்டு, கூரையின் கண்ணாடிப் பகுதி வடக்கு நோக்கி அமைக்கப்பட்டது.

இம்முறையின் பயனை இளமையிலேயே உணர்ந்தவர் றொபேட் ஓவன். 1771 இல் பிறந்த அவர், இருபது வயதளவில் மான்செஸ்ரர் நகரிலே ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்தார். ஒரு பகுதியில் மூன்று நூற்கும் பொறிகளை வைத்துத் தொழில் தொடங்கினார். எஞ்சிய பகுதியைப் பிறருக்கு வாடகைக்கு விட்டுத் தம் செலவைக் குறைத்துக்கொண்டார். பிற்காலத்தில் நியூ லனார்க் ஆலைகளை நடத்திப் புகழ்பெற்ற சீர்திருத்தவாதியின் தொடக்கம் இத்தகையது.

இதனினும் சிந்திக்கத்தக்கது பார்னோல்ட்ஸ்விக் என்னும் சிற்றூரின் கதை. பிறேஸ்வெல் என்னும் ஒரு பெருமுதலாளியையே அவ்வூர் பெரிதும் நம்பியிருந்தது. 1885 இல் அவர் இறந்தபின் ஆலைகள் தளர்ந்தன, ஊரும் தளர்ந்தது. அப்பொழுது ஊரவர் சோர்ந்திருந்தாரல்லர். 1880களின் இறுதியிலே தம் சிறு சேமிப்புகளைப் பங்குகளாகத் திரட்டி, கால்ஃப் ஹோல் நெசவுக்கூடக் கம்பனியை நிறுவினர். கம்பனி துணி நெய்யவில்லை; இடத்தையும் விசையையுமே வாடகைக்கு அளித்தது. ஒருவன் வீழ்ந்தால் ஊரே வீழும் நிலை இவ்வாறு மாறியது. குடியிருந்த நெசவு முதலாளி ஒருவன் நட்டமுற்று வெளியேறினும், அவன் இடத்தில் வேறொருவன் வரக்கூடும். பொறியோ ஓடிக்கொண்டே இருக்கும்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. பொறி பழுதுற்றால் அனைவருடைய தறிகளும் ஒருங்கே நின்றன. வாணிகம் மந்தமுற்ற காலத்தும் வாடகை நின்றபாடில்லை. சிறுமுதல் கொண்டோர் பலர் எளிதிற் புகுந்தமையால் போட்டி மிகுந்தது. அப்போட்டியின் சுமையைத் தொழிலாளர் கூலியின்மேல் ஏற்ற முயல்வோரும் இருந்தனர். அதனாலேயே, லங்காஷயர் நெசவாளருக்கு 1892 இல் ஏற்பட்ட பொதுக்கூலி அட்டவணை பெருங் காப்பாயிற்று. பெரிய ஆலையாயினும் வாடகைக் கூடமாயினும் ஒரே வகைத் துணிக்கு ஒரே கூலி என்பதே அதன் நோக்கம்.

முதல் உலகப் போருக்குப் பின் இந்தியச் சந்தை சுருங்கியது. தறிக்குத் தறி சிறு மின்பொறி பொருத்தும் வழக்கம் பரவியதும், பொதுப் பொறியின் தேவையும் குறைந்தது. மிகையான தறிகளை உடைத்தகற்ற ஈடு வழங்கும் சட்டம் 1959 இல் வந்தது. கூடங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன.

எனினும் அவை கற்பிக்கும் பாடம் ஓயவில்லை. தறி யாருக்கு உரியது என வினாவுவதோடு வரலாற்று மாணவன் அமைதல் ஆகாது. தறியை இயக்கும் விசை யாருக்கு உரியது எனவும் வினாவுதல் வேண்டும். தனியொருவனால் ஆகாத அரும்பொருளைப் பலர் கூடி ஆக்கிக்கொண்டால், எளியவனுக்கும் தொழிலின் கதவு திறக்கும். அக்கதவின் உட்புறத்தே உழைப்பவனுக்கு நீதி கிடைக்கின்றதா என்பதையும் உடன் நோக்குவதே நிறைவான கல்வியாகும்.