தூரிகை முலாம் வேலைக்கு வந்திருக்கும் உனக்கு

1. காட்மிய முலாமுக்கு மாற்றுத் தேடும் இந்த வேலையை, காட்மியத்தைத் திட்டிக்கொண்டே தொடங்காதே, கண்ணா. உப்புக்காற்றில் விமானச் சக்கரக்கால்களைத் துருவேறாமல் பல பத்தாண்டுகள் காத்தது அதுதான். ஜப்பானின் ஜின்சூ ஆற்றில் கலந்து, சோற்றின் வழியே உடலில் ஏறி, எலும்பை நொறுக்கியதும் அதுவேதான். 1968இல் அந்நாட்டு அரசே அதை ஒப்புக்கொண்டது. பழையதன் நன்மை தெரியாதவனுக்கு எதை ஈடுகட்டுவதென்று எப்படித் தெரியும்?

2. பூசுகிறவர் பக்கத்தில் போய் நில். தூரிகை முலாமுக்குத் தொட்டி கிடையாது. துணி சுற்றிய கார்பன் மின்வாயைக் கரைசலில் நனைத்து, கீறல் விழுந்த இடத்தில் மட்டும் தேய்ப்பார்கள். கரைசல் சொட்டும், தெறிக்கும். காட்மியத்துக்கு மாற்றான துத்தநாக-நிக்கல் கரைசலின் பெருமையை நாங்கள் பேசி முடித்ததும் முதிய பூசுநர் ஒருவர், "சொட்டுவதை எதில் பிடிப்பது?" என்று மட்டும் கேட்டார். கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிக்கலும் சாது அல்ல. தோலில் அரிப்பு உண்டாக்கும், அதன் சேர்மங்கள் புற்றுநோய் தரும். காட்மியம் போய்விட்டது என்பதற்காகக் கையுறையைக் கழற்றிவிடாதே.

3. எண்ணெய்ப் பிசுக்கின்மேல் முலாம் நிற்காது. கழுவியபின் நீர் முத்து முத்தாகப் பிரிந்தால், மறுபடி துடை. சலிப்பு வரும், வரட்டும்.

4. ஹைட்ரஜனுக்கு அஞ்சு. முலாமோடு அதுவும் எஃகுக்குள் புகும். எஃகு எவ்வளவு வலியதோ அவ்வளவு எளிதாக அதனால் முறியும். கழற்றிய பாகத்தை 190 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு நாள் சூடாக்கி அதை வெளியேற்றலாம். விமானத்தில் பூட்டியிருக்கும் சக்கரக்காலை எந்த உலையில் வைப்பாய்? அதனால்தான் சூடாக்காமலே தேறும் கரைசலைத் தேடுகிறோம். அது தேற, பள்ளம் வெட்டி முலாம் பூசிய சோதனைத் தண்டு, முறிவு வலிமையில் 75 விழுக்காட்டுச் சுமையை 200 மணி நேரம் தாங்க வேண்டும். முடியும் தறுவாயில் முறிந்த தண்டு ஒன்றை, "ஏறக்குறையத் தேறியது" என்று ஓர் இளைஞர் எழுதிக் கொண்டுவந்தார். எங்கள் மூத்தவர் திட்டவில்லை. "இந்த விமானத்தில் உன் தம்பியை ஏற்றுவாயா?" என்றார். நல்ல பிள்ளை அந்த இளைஞர். தாளைத் தானே கிழித்தார்.

5. துரு எதிர்ப்பைச் சோதிக்கும் உப்புப் புகைப் பெட்டியை முழுக்க நம்பிவிடாதே. அதற்குள் 35 டிகிரி, 5 விழுக்காடு உப்புநீர், அவ்வளவுதான். விமானம் நிற்கும் கப்பல் மேல்தளத்தில் வெயிலும் புகையும் அதிர்வும் சேர்ந்து வரும். ஒப்புதல் கையெழுத்தானதும் கோப்பை மூடாமல், நீ பூசக் கொடுத்த பாகம் எங்கே பறக்கிறதென்று விசாரி. அடுத்த பராமரிப்புக்கு அது வரும்போது, கழற்றுகிற மெக்கானிக்கிடம் பேசு. அவர் குறை சொன்னால் குறுக்கிடாமல் எழுதிக்கொள்.