பத்து நாள் கீழாநெல்லி

மஞ்சள் காமாலை வந்தால் என்ன செய்வீர்கள்? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பீர்கள், உப்பை நிறுத்துவீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். செத்துப் பிழைத்தேன்.

அது 2012. லாரி ஓட்டிய கணவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் எச்.ஐ.வி., சிடி4 318. அப்போது 350க்குக் கீழே போனால்தான் கூட்டு மாத்திரை: ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின். நெவிரபின் மட்டும் முதல் 14 நாள் ஒரு வேளை, அப்புறம் இரண்டு வேளை. டெஸ்ட், வரிசை, கையெழுத்து எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஐந்தாவது வாரம் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. சிறுநீர் டீ டிகாஷன் நிறம். கண்ணைப் பார்த்த நாத்தனார் அன்றைக்கே வைத்தியரிடம் இழுத்துப்போனாள். அவளுக்கு என் நோய் தெரியாது, வைத்தியருக்கும் சொல்லவில்லை. இந்த நோய் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பால்காரரே வரவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவள் எப்படிச் சொல்வாள்?

அந்த மௌனத்துக்கு நான் வருந்தவில்லை. ஏ.ஆர்.டி. சென்டரிலும் சொல்லாமல் இருந்தேனே, அதுதான் இன்னும் குத்துகிறது. அடுத்த தேதிக்குப் பத்து நாள் இருந்தது, அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் கீழாநெல்லி, பிறகு யாரும் பார்க்காதபோது அரிசி டிரம்முக்குள் கைவிட்டு மாத்திரை. காயத்தைக் கீறிக்கொண்டே களிம்பு தடவிய கதைதான்.

பத்தாம் நாள் எஸ்.ஜி.பி.டி. 640. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. டாக்டர் எல்லா மாத்திரையையும் நிறுத்தி வார்டில் சேர்த்தார். நெவிரபின் முதல் சில வாரங்களில் ஈரலைத் தாக்கலாம், அதிலும் சிடி4 250க்கு மேல் உள்ள பெண்களுக்கு ஆபத்து கூடுதல் என்றார். உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்ததே எனக்கு வினையாகிவிட்டது. கவுன்சிலரோ "நான் அன்றைக்கே சொன்னேனே" என்றார். தடிப்பு வந்தால் வா என்றது ஞாபகம் இருக்கிறது. கண் மஞ்சளாவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக ஞாபகமில்லை.

ஈரல் தேறியபின் நெவிரபினுக்குப் பதில் எஃபவிரென்ஸ் கொடுத்தார்கள் (ராத்திரியெல்லாம் கனவு, கேட்காதீர்கள்). இப்போது டோலுடெக்ராவிர் உள்ள ஒற்றை மாத்திரை. நெவிரபின் எனக்கு ஆகாது என்று சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன், உங்களுக்கு ஆகாத மருந்து இருந்தால் நீங்களும் வாங்குங்கள். கண் மஞ்சளானால் தேதி பார்க்காமல் அன்றைக்கே சென்டருக்குப் போங்கள். பயந்துகொண்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு அந்தக் கிருமியையும் இதே மாத்திரைதான் அடக்கி வைக்கிறது, நிறுத்தினால் அது எழும்பி ஈரலைப் பதம் பார்க்கும்.

என்னைப் பிழைக்க வைத்தது தன் வைத்தியர்தான் என்று நாத்தனார் இன்றும் கல்யாண வீடுகளில் சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன். மறுத்தால் பேச்சு அரிசி டிரம் வரை போகும்.