சாவி கொடுக்கும் கேமராவும் ஸ்லோ மோஷன் கட்டுக்கதையும்

"ஸ்லோ மோஷன் வேணும்னா டயலை 12-ல வெச்சு மெதுவா ஓட விட்டா போதும்தானே சார்?"

போதாது. நேர் எதிராகத்தான் வரும். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரமே இன்னொருவர் பழைய போலெக்ஸ் பிலிம் கேமராவை எடுத்துக்கொண்டு வந்து இதையே கேட்கிறார். போன மாதம் ஓர் இளைஞர் நூறடிச் சுருள் முழுவதையும் 12-இல் ஓட்டி, அக்கா மகள் ஊஞ்சலாடுவதை எடுத்திருந்தார். சாவி கொடுத்துக் கொடுத்து ஐந்தரை நிமிடம் எடுத்த காட்சி, திரையில் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துபோனது. குழந்தை ஆடவில்லை, விசிறி மாதிரி அடித்துக்கொண்டது. பிலிம் விலையும் கழுவும் கூலியும் எவ்வளவென்று தெரிந்த எனக்கு வயிறு எரிந்தது. டயலைத் தொடும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கணக்கு எளிது. திரையில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அதை நாம் மாற்றப்போவதில்லை. கேமராவில் நொடிக்கு 64 ஃபிரேம் பிடித்தால், ஒரு நொடி நடந்தது திரையில் இரண்டரை நொடிக்கு மேல் நீளும். 12 பிடித்தால் அரை நொடியில் ஓடி மறையும். ஓட்டத்தைக் குறைத்தால் காட்சி மெதுவாவது புரொஜெக்டரில். கேமராவில் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஊமைப் படங்களில் ஆட்கள் துறுதுறுவென்று ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அது ஏன்? அன்று குறைந்த வேகத்தில் பிடித்ததைப் பிற்காலத்தில் 24-இல் ஓட்டுகிறார்கள். இதைக் கண்ணால் பார்த்த பிறகும் 12-இல் ஸ்லோ மோஷன் வரும் என்று எப்படி நம்புகிறார்கள்?

இன்னும் சந்தேகம் இருந்தால் மாயா டெரன் 1945-இல் எடுத்த 'எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா'வைப் பாருங்கள். சில நிமிடங்களே ஓடும் படம். அதில் நடனக்காரர் டாலி பீட்டி ஓரிடத்தில் நின்று சுழல்கிறார். முதலில் கனவில் திரும்புவதுபோல் முகம் மெல்லத் திரும்புகிறது. போகப்போக வேகமெடுத்து முகமே கலங்கிவிடுகிறது. அங்கே கேமராவின் வேகம் உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்குகிறது. கேமரா வேகம் இறங்க இறங்கத் திரையில் சுழற்சி ஏறுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"64-ல வெச்சா சாவி சீக்கிரம் தீந்துடும்" என்பார்கள். கடிகாரத்தில் சீக்கிரம்தான். முழுச் சாவிக்கு போலெக்ஸ் எச்16, 24-இல் ஏறக்குறைய 28 நொடி ஓடும். 64-இல் பத்து நொடி சொச்சம். ஆனால் இரண்டிலும் பதிவாவது சுமார் 670 ஃபிரேம். திரையில் இரண்டும் ஒரே நீளம்.

"64-ல வெச்சா நாலு மடங்கு மெதுவாகும்" என்பது 16-இல் படம் ஓட்டிய வீட்டு புரொஜெக்டர் காலத்துக் கணக்கு. அதை இன்றைக்கும் ஒப்பிப்பதை நிறுத்துங்கள்.

வெளிச்சத்தை மாற்ற வேண்டியதில்லை என்பவர்களுக்கு: 48-இல் ஒரு ஸ்டாப், 64-இல் கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக லென்ஸ் துவாரத்தைத் திறந்தாக வேண்டும். லைட் மீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

ஸ்பிரிங் தளரத் தளர வேகமும் தளரும் என்ற பேச்சில் மட்டும் ஒரு துளி உண்மை உண்டு. உள்ளே கவர்னர் என்ற சின்ன அமைப்பு இருக்கிறது. வேகம் எல்லை மீறினால் அதன் எடைகள் விரிந்து உரசி இழுத்துப் பிடிக்கும். அதனால் நல்ல நிலையில் உள்ள கேமரா கடைசிவரை ஒரே சீராக ஓடும். ஓடாவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி கிரீஸ்தான். பல வருஷம் அசையாமல் கிடந்த கேமராவில் அது மெழுகாக இறுகிவிடும். 24-இல் சமாளிக்கிற கேமரா 64-இல் திணறும்.

என் ஆதங்கமே இங்கேதான். சுவிட்சர்லாந்தில் பையார் நிறுவனம் 1935-இல் அறிமுகப்படுத்திய எச்16, மின்சாரமோ பேட்டரியோ கேட்காத இயந்திரம். அதை வாங்கிக் காப்பிக் கடைச் சுவரிலும் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியிலும் பொம்மையாக வைக்கிறார்கள். ஓடாமல் கிடப்பதுதான் அதைக் கொல்லுகிறது. வீட்டில் ஒன்று இருந்தால் தயவுசெய்து வெளியே எடுங்கள். கழிவு பிலிமைக் கோத்து, முழுச் சாவி கொடுத்து, டயலை 64-இல் வைத்து, ஐந்து நொடி ஓட்டுங்கள். 16 எம்எம்மில் அடிக்கு 40 ஃபிரேம். 320 ஃபிரேமுக்கு எட்டு அடி நகர்ந்திருக்க வேண்டும். ஆறு, ஏழு என்று நின்றால் புது பிலிம் வாங்கும் பணத்தில் முதலில் கேமராவைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.