கால் உயரம், கால் பங்கு அல்ல

கேள்வி: பெட்ரோல் பங்க்கில் நிலத்தடித் தொட்டிக்குள் ஒரு கோலை விட்டு எடுத்ததுமே எத்தனை லிட்டர் இருக்கிறது என்கிறார்களே, எப்படி?

பதில்: அந்த டிப் ராட் காட்டுவது உயரத்தை மட்டுமே. லிட்டரைச் சொல்வது, தொட்டிக்கென்றே தயாரித்த அட்டவணை.

செங்குத்தான உருளை என்றால் வேலை சுலபம்: அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் போதும். பங்க் தொட்டிகளோ பெரும்பாலும் படுக்கைவாட்டில் புதைக்கப்பட்டவை. 2 மீட்டர் விட்டமும் 20,000 லிட்டர் கொள்ளளவும் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். கோலில் 50 சென்டிமீட்டர் நனைந்திருந்தால் கால் பங்கு, 5,000 லிட்டர் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் இருப்பது ஏறக்குறைய 3,910 லிட்டர்! அடியிலுள்ள முதல் 10 சென்டிமீட்டரில் சுமார் 374 லிட்டர்தான் பிடிக்கும்; நடுவயிற்றில் அதே 10 சென்டிமீட்டர் 1,270 லிட்டரை விழுங்கிவிடும். வட்டத்துண்டின் பரப்பைக் கண்டு நீளத்தால் பெருக்கி வரும் எண்கள் இவை.

அழகான கணக்கு இது; இதன் உறவுக் கணக்கு ஒன்று கணித வரலாற்றையே தொட்டிருக்கிறது. 1613-இல் லின்ஸ் நகரில் தன் திருமணத்துக்கு ஒயின் வாங்கிய வானியலாளர் கெப்ளர், பீப்பாய்க்குள் கோலைச் சாய்வாக விட்டு வியாபாரி விலை சொன்னதைப் பார்த்தார். பீப்பாயின் வடிவம் மாறினால் கொள்ளளவும் மாறுமே என்ற கேள்வி அவரை விடவில்லை. 1615-இல் அதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். நுண்கணிதத்துக்கு வழிவகுத்த நூல்களில் அதுவும் ஒன்று.

பங்க்கில் இன்னொரு சோதனையும் உண்டு. கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்குவார்கள். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் பசை நிறம் மாறும்; அந்த உயரத்துக்கான அளவைக் கழித்துவிட்டே இருப்பை எழுதுவார்கள்.