கை நீட்டுவோரும் கை ஓங்குவோரும்

 

பினாங்கில் சூலியா தெருவுக்கு அண்மையில் நம் நண்பர் ஒருவர் சாப்பாட்டுக் கடை நடத்தி வருகிறார். வெள்ளிக்கிழமை தோறும் கல்லாவின் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் சில்லறை நிரப்பி வைப்பது அவருடைய தகப்பனார் காலத்து வழக்கம். ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் கேட்டு வருகிறவர்களுக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். அவ்வாறு வருகிறவர்களில் முக்காடிட்ட முதிய மாது ஒருவரும் உண்டு. அவர் வாய் திறந்து கேட்டதை நாம் பார்த்ததில்லை. அஞ்சடித் தூணோரம் நிற்பார். கடைப்பையன் கொண்டுபோய்க் கையில் கொடுத்து வருவான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளியன்று திடகாத்திரமான ஆள் ஒருவன் உள்ளே நுழைந்தான். கல்லா மேசையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, "பத்து வெள்ளி கொடு" என்றான். சாப்பிட்டுக் கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். கல்லாவில் அப்போது முதலாளி இல்லை. இருபது வயதுப் பையன்தான் இருந்தான். ரகளை வேண்டாம் என்று பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிட்டான். அடுத்த வெள்ளியன்று அந்த ஆள் இன்னொருவனையும் உடன் அழைத்து வந்தான். இப்படியே நான்கு வாரம் நடந்தது. ஐந்தாம் வாரம் நாம் அங்கே தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது நண்பர் டின்னைத் திறந்து பார்த்தார். சில்லறை குறையவே இல்லை.

"அந்த அம்மா வருவதில்லையா?" என்று பையனிடம் கேட்டார்.

"அவன் நிற்கிற இடத்துக்கு அது எப்படி முதலாளி வரும்?" என்றான் பையன்.

அந்த ஒரு வார்த்தைதான் இப்பாடத்தை எழுத நம்மைத் தூண்டிற்று. மிரட்டுகிறவனுக்குக் கொடுத்த நாற்பது, ஐம்பது வெள்ளியை நண்பர் தருமக் கணக்கில் எழுதி வைத்திருந்தார். அது தருமந்தானா? அதனால் நட்டமடைந்தவர் யார்? இவ்விரண்டையும் சிறிது ஆராய்வோம்.

திருமறையில் அத்தாரியாத் அத்தியாயத்திலும் அல்மஆரிஜ் அத்தியாயத்திலும் நல்லோரின் பொருளில் இருவருக்கு உரிமை உண்டென்று இறைவன் கூறுகிறான். ஒருவர் 'ஸாயில்', அதாவது கேட்பவர். மற்றவர் 'மஹ்ரூம்', அதாவது இல்லாதிருந்தும் கேளாதவர் என்று விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். கேட்பவரை விரட்டலாகாது என்பது அள்ளுஹா அத்தியாயத்தின் கட்டளை. இதையே பிடித்துக்கொண்டு, எவர் எப்படிக் கேட்டாலும் கொடுத்தே தீரவேண்டும் என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். ஆனால் விரட்டாதிருப்பது வேறு, கொடுப்பது வேறு. கொடுத்துவிட்டு மனம் புண்படுத்துவதைக் காட்டிலும் இனிய சொல்லும் பொறுத்தலும் மேலானவை என்று அல்பகரா அத்தியாயத்தின் 263ஆம் வசனம் கூறுவதை நோக்குக. கொடுக்காமலும் கண்ணியமாக நடந்துகொள்ள இயலும் என்பதற்கு அதுவே ஆதாரம். அதே அத்தியாயத்தின் 273ஆம் வசனம் இன்னும் தெளிவு. மானத்தால் கேளாதிருப்போரை விவரம் அறியாதவன் செல்வரென எண்ணிக்கொள்வான் என்றும், அவர்கள் மக்களிடம் வற்புறுத்திக் கேட்கமாட்டார்கள் என்றும் அது கூறுகிறது. வற்புறுத்திக் கேட்டலுக்கு அங்கே வந்துள்ள சொல் 'இல்ஹாஃப்' என்பது.

இந்த இல்ஹாஃபைப் பற்றி முஆவியா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் பதிவாகியுள்ளது. ஒருவர் வற்புறுத்திக் கேட்டு, அதனால் மனமின்றிக் கொடுக்கப்பட்ட பொருளில் அவருக்கு பரக்கத் இராது என்பது அதன் கருத்து. வியாபாரிகளாகிய நாம் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பயந்து கொடுப்பதால் வாங்குகிறவனுக்கும் நன்மையில்லை.

கேட்பதற்கே ஒரு வரம்பு உண்டு. கபீஸா (ரலி) அவர்கள் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டு உதவி கேட்டு வந்தபோது, மூவருக்கே கேட்க அனுமதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். பிறருக்காகப் பொறுப்பேற்றுக் கடன்பட்டவர் ஒருவர். விபத்தால் பொருளிழந்தவர் மற்றொருவர். வறுமை வந்துவிட்டதென்று அவருடைய கூட்டத்தாரில் விவரமறிந்த மூவர் சொல்லக்கூடிய நிலையிலுள்ளவர் மூன்றாமவர். மூன்று பேர் சாட்சியம்! நம் கடைகளில் கடன் கொடுக்கும்போது விசாரிப்பதைவிட இது அதிகம்.

நிற்க. இவ்விடத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். நாயகம் (ஸல்) அவர்களிடமே முரட்டுத்தனமாகக் கேட்டவர்கள் இருந்தார்களே, அவர்கள் கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்நிகழ்ச்சியை நாம் மறைக்கவோ சுற்றி வளைக்கவோ தேவையில்லை. நஜ்ரான் நாட்டுத் தடித்த கரைபோட்ட மேலாடையைப் போர்த்தி நாயகம் (ஸல்) அவர்கள் நடந்து சென்றபோது, நாட்டுப்புற அரபி ஒருவர் ஓடிவந்து அதைப் பற்றி இழுத்தார். கரை அழுந்தி மேனியில் தடம் பதிந்தது. தங்களிடமுள்ள அல்லாஹ்வின் பொருளிலிருந்து எனக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்குக் கொடுக்கும்படி உத்தரவிட்டார்கள்.

அந்த அரபி கேட்டது பொதுப் பொருளிலிருந்து. அதைப் பங்கிடும் பொறுப்பு நாயகம் (ஸல்) அவர்களிடம் இருந்தது. அவர்களுடைய சிரிப்பே அச்சத்தால் கொடுக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. கல்லாவில் நடுங்கிக்கொண்டு பத்து வெள்ளி எடுத்துக் கொடுத்த நம் பையனின் நிலையை இதனோடு ஒப்பிடுவது பொருந்தாது.

ஹுனைன் போர் முடிந்து திரும்பும்போது நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) அவர்கள் அறிவிப்பது அது. கேட்டுச் சூழ்ந்துகொண்ட கூட்டம் நாயகம் (ஸல்) அவர்களை ஒரு முள்மரத்தின் பக்கம் நெருக்கித் தள்ளியது, மேலாடை பறிபோயிற்று. நாயகம் (ஸல்) அவர்கள் நின்று, என் மேலாடையைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இம்முள்மரங்களின் எண்ணிக்கையளவு ஒட்டகங்கள் இருந்தாலும் உங்களுக்குப் பங்கிட்டிருப்பேன் என்றும், தம்மைக் கஞ்சனாகவோ பொய்யனாகவோ கோழையாகவோ காணமாட்டீர்கள் என்றும் சொன்னார்கள். திட்டவில்லை, சபிக்கவில்லை. ஆயினும் தம்முடையதைத் திருப்பிக் கேட்டார்கள். வள்ளல் தன்மையும் உறுதியும் ஓரிடத்தில் நிற்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இனி நடைமுறையைப் பார்ப்போம்.

மறுப்பதில் முதல் தவறு, பொய் சொல்லுவது. கல்லா நிறையக் காசிருக்க 'காசில்லை' என்கிறோம். அது பொய் என்பது ஒருபுறமிருக்க, எதிரில் நிற்பவன் கண்ணெதிரே கல்லா இருக்கிறது. வாதம் வளர அதுவே வழி. 'மாஃபு செய்யுங்கள், இப்போது கொடுப்பதற்கில்லை' என்றால் போதும். மலாய்க்காரரிடம் 'மாஃப், பாங்' என்றாலும் அதே சொல்தான். இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. காரணம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவனிடம் பதில் இருக்கும். இரண்டாம் முறை கேட்டாலும் அதே வாக்கியம், அதே குரல். மூன்றாம் முறை பேச்சே வேண்டாம்.

அவன் எதிரில் நிற்கும்போது பணப்பையை எடுக்கலாகாது; சில்லறை தேடவும் கூடாது. கல்லா மேசை நடுவில் இருக்கட்டும். அதைத் தாண்டி வெளியே வந்து நெஞ்சுக்கு நெஞ்சு நிற்பது வீரமன்று. தெருவில் நிறுத்தினால் நடந்துகொண்டே மறுத்து, வெளிச்சமும் ஆள் நடமாட்டமுமுள்ள கடைக்குள் நுழைந்துவிடுவது நல்லது. இந்நாளில் 'ரொக்கம் இல்லையென்றால் கைபேசியில் அனுப்பு' என்று கேட்பவர்களும் வந்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவன் முன்னிலையில் கைபேசியைத் திறந்து வங்கிக் கணக்கைக் காட்டுவது கல்லாவைத் திறந்து காட்டுவதற்குச் சமம்.

பசி என்று சொன்னால் சாப்பாட்டுக் கடைக்காரருக்கு விடை எளிது. உட்காரவைத்து ஒரு தட்டுச் சோறு கொடுக்கலாம். உண்மையில் பசித்தவர் உண்பார். காசுதான் வேண்டுமென்று தட்டைத் தள்ளினால், 'பொய்யன்' என்று கூச்சலிட வேண்டியதில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கத்தியைக் காட்டினாலோ அடிக்க வந்தாலோ அப்போது கேட்பதைக் கொடுத்துவிட வேண்டும். பாடமெல்லாம் பிறகு. உயிரினும் கல்லா பெரிதன்று. கடைப்பையனின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆள் போனபின் 999 அழைத்துப் புகார் செய்க. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் எண் ஒன்றே.

சட்டத்தைக் குறித்துச் சிறிது. இரு நாட்டுத் தண்டனைச் சட்டங்களும் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழி வந்தவை. ஆகவே இரண்டிலும் 383ஆம் பிரிவு ஒன்றையே சொல்லுகிறது: தீங்கு நேரும் என்று அச்சுறுத்தி, நேர்மையற்ற முறையில் ஒருவரிடமிருந்து பொருளைக் கொடுக்கவைப்பது மிரட்டிப் பறித்தல் என்னும் குற்றம். மேசையைத் தட்டி 'கொடுக்காவிட்டால் கடையைப் பார்த்துக்கொள்' என்பது பிச்சை கேட்பதாகாது. மலேசியாவின் 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டமும் சிங்கப்பூரின் 1989ஆம் ஆண்டுச் சட்டமும், பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாகும்படி பிச்சையெடுப்போரை இல்லங்களில் சேர்த்துப் பராமரிக்க வழி செய்கின்றன. மிரட்டுகிறவனுக்குப் போலீஸ்; வழியற்று நிற்பவருக்கு நலத்துறை. மலேசியாவில் நலத்துறையின் 15999 என்ற எண்ணையும், சிங்கப்பூரில் 1800-222-0000 என்ற எண்ணையும் அழைக்கலாம். இவற்றைக் கல்லாவின் பக்கத்தில் எழுதி ஒட்டுவதற்குக் காசு செலவில்லை.

பள்ளிவாசல் கட்டடப் படமும் ரசீதுப் புத்தகமும் ஏந்தி மேசைக்கு மேசை வருவோரும் உண்டு. நல்ல நோக்கத்தோடு வருகிறவர்கள் உரிமத்தைக் கேட்டால் வருந்தமாட்டார்கள். வீடுவீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கு உரிமம் வேண்டுமென்ற சட்டம் இரு நாட்டிலும் 1947 முதல் உள்ளது. கேட்டதும் கோபிக்கிறவருக்கு ரசீது எதற்கு?

நம் மலேசியச் சகோதரர்களுக்கு நன்கு தெரிந்த 'ஜாகா கெரேத்தா' ஆட்களைக் குறிப்பிடாமல் விட முடியாது. நகராண்மைக் கழகத்துக்குக் கட்டணம் கட்டி நிறுத்திய வாகனத்துக்கு, பாதுகாப்புக் கூலி என்று இவர்கள் மீண்டும் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் திரும்பி வரும்போது கதவில் ஆணிக்கோடு இருக்குமோ என்ற அச்சத்தில் பலரும் கொடுத்துவிடுகிறோம். வாடிக்கையாளர்கள், அதிலும் தனியாக வரும் பெண்கள், அந்த ஆளைத் தவிர்ப்பதற்காகவே நம் தெருவைத் தவிர்க்கிறார்கள். இது தருமப் பிரச்சினை மட்டுமன்று, வியாபாரப் பிரச்சினை. ஒரு கடைக்காரர் தனித்துப் புகார் செய்தால் அவர் கடை குறி வைக்கப்படும். வரிசையிலுள்ள பத்துக் கடையும் சேர்ந்து, சீனர் கடை, மலாய்க்காரர் கடை என்ற பேதமின்றிக் கையொப்பமிட்டு, நாளும் நேரமும் குறித்துப் போலீசுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் எழுதினால் பயன் உண்டு.

நம் நண்பர் அப்படித்தான் செய்தார். ஆறு கடைக்காரர்கள் கூடினார்கள். ஆறு கல்லாவிலும் ஒரே பதில் சொல்வதென்று பேசி வைத்தார்கள். கண்காணிப்புக் கருவியில் பதிந்த படத்துடன் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். அந்த ஆள் அதன்பின் இரண்டு முறை வந்தான். முதல் முறை நாற்காலியை உதைத்துவிட்டுப் போனான். இரண்டாம் முறை வாசலோடு திரும்பிவிட்டான். வேறு தெருவுக்குப் போயிருப்பான் என்பதுதான் நம் எண்ணம். அந்தத் தெருக்காரரும் ஒன்றுகூட வேண்டும்.

ஆனால் அந்த முதிய மாது திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, நண்பர் பள்ளிவாசலில் விசாரித்தார். கணவரை இழந்தவர், பேரப்பிள்ளை ஒன்றுடன் ஓர் அறையில் குடியிருக்கிறார், ஸக்காத் உதவிக்கு மனுச் செய்வதற்குக்கூடக் கூச்சப்பட்டவர் என்று மூன்று பேர் சொன்னார்கள். நண்பரே மனுவை எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்.

பிஸ்கட் டின் இப்போது கல்லாவின் பக்கத்தில் இல்லை. வியாழன் தோறும் அஸருக்குப் பின் பையன் ஓர் உறையில் போட்டு அந்த வீட்டுக்கு எடுத்துச் செல்கிறான். முதல் முறை போனபோது தட்டியும் கதவு திறக்கவில்லையாம். வெளியே நின்று கடையின் பெயரைச் சொன்ன பிறகே தாழ்ப்பாளை நீக்கினாராம்.